டி டிரைவில் இடமில்லை

கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போதும், அதற்குப் பிறகு எந்த உறவுக்காரர் வீட்டிலும் நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடிக்க முடியாது. பையைக் கீழே வைப்பதற்குள் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிடுவார்கள். நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாளர். மொத்தம் அறுபது மெஷின், அறுபதும் முறை வைத்துக்கொண்டு என் உயிரை வாங்கும். லீவு நாளில் அறுபத்தொன்றாவதைத் தொடமாட்டேன் என்று நல்ல விதமாகவும் சொல்லிப் பார்த்தேன், எரிந்து விழுந்தும் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா கூப்பிட்டபோது மட்டும் மறுபேச்சு பேசாமல் பஸ் ஏறினேன்.

அக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே வேலை. பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட் என்று மாறி மாறி ஓடியதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. சூப்பர்வைசர் ஆகிவிட்டால் ஒரு நாற்காலி கிடைக்கும், ராத்திரி ஷிஃப்ட் கிடையாது. அதற்கு ஒரு பரீட்சை உண்டு. ஒருவர் மூன்று தடவைதான் எழுதலாம். முதல் தடவை அவள் சரியாகப் படிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறாள். போன வருடம் மூன்று மார்க்கில் போயிற்று. இது மூன்றாவது. திங்கட்கிழமை பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுத வேண்டும்.

பரீட்சை நடத்துகிறவர்கள் ஒரு சாஃப்ட்வேர் அனுப்பியிருந்தார்கள். அதை ஏற்றி, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சோதித்துக் காட்ட வேண்டும். ஐந்து விஷயங்களைச் சோதிக்கும். ஐந்தும் பச்சையாக வந்தால் சீட்டு உறுதி, வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அக்காவுக்குக் கேமரா பச்சை, மைக் பச்சை, இணையம் பச்சை, அடையாள அட்டை பச்சை. கடைசி ஒன்று சிவப்பு. சி டிரைவில் இருபது ஜிபி காலி இடம் தேவை, இருப்பது ஒன்றரை.

“வேற டிரைவ்ல ஏத்த முடியாதா?” என்று பஸ்ஸிலிருந்தே போனில் கேட்டேன்.

“சி-ல மட்டும்தான் ஏறுமாம். மூணு தடவை கேட்டுட்டேன்.”

“சி-ல இருக்கறதை அழிச்சியா?”

“அழிக்க இனிமே ஒண்ணும் இல்லடி. எல்லாம் அழிச்சாச்சு.”

நான் போய்ச் சேரும்போது மணி ஒன்றே முக்கால். இரண்டாவது மாடியில் மூன்று அறை வீடு. ஹாலில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, அதன்மேல் லேப்டாப். பேட்டரி செத்து மூன்று வருடம் ஆகிறது. சார்ஜர் வயர் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றால்தான் உயிர் வரும் என்பதால் அடியில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்து, மேலே டெலிபோன் டைரக்டரியை வைத்திருந்தார்கள். மேஜைக்குப் பக்கத்தில் அக்காவின் படிப்பு: கோடு போட்ட நோட்டு நாலு, ஒரு தடிப் புத்தகம்.

“வாங்க இன்ஜினியரம்மா,” என்றார் அத்தான். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எத்தனையாவது நடை போகிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், என்னை வம்புக்கிழுக்காமல் இருக்கமாட்டார். “உங்க அக்கா கொஞ்ச நஞ்சமா சேர்த்து வெச்சிருக்கா? குப்பைத் தொட்டி மாதிரி எதையாவது போட்டுக்கிட்டே இருந்தா எந்த கம்ப்யூட்டர்தான் தாங்கும்?”

அக்கா சிரித்தாள். எட்டு வருடமாக இதைக் கேட்டு அவளே நம்பிவிட்டிருந்தாள்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் லேப்டாப் வாங்கியபோது, மூன்று பேருக்கும் சண்டை வரக்கூடாது என்று அத்தான் கடைக்காரரிடம் சொல்லி ஹார்ட் டிஸ்க்கை மூன்றாகப் பிரித்துவிட்டார். சி அக்காவுக்கு, டி அவருக்கு, இ அவர்கள் பையனுக்கு. அவரவர் டிரைவில் அவரவர் சாமான். ஒருவர் டிரைவில் இன்னொருவர் ஒரு ஃபைலைக்கூட வைக்கக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. டி, இ இரண்டு டிரைவுக்கும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டு. பூட்டியிருக்கும்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதுகூட வெளியே தெரியாது. சி டிரைவுக்கு மட்டும் அப்படிப் பூட்டு போடவில்லை. அதைத் திறந்தால்தான் கம்ப்யூட்டரே திறக்கும்.

“உனக்குத்தான் முதல் டிரைவ்,” என்று அன்றைக்கு அவர் பெருந்தன்மையாகக் கொடுத்தாராம். முதல் டிரைவ்தான், சந்தேகமில்லை. கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிஸ்டம், அதன் அப்டேட், மூன்று பேரும் ஏற்றுகிற சாஃப்ட்வேர், பிரிண்டர், பையனின் விளையாட்டுகளுடைய வால் துண்டுகள் எல்லாம் வந்து விழுகிற இடம் அதுதான். கடைக்காரர் அதற்குக் கொடுத்தது நூறு ஜிபி. டிக்கும் இக்கும் தலா நானூற்றுப் பதினைந்து. அந்த நூறில் அக்காவின் சொந்தச் சாமான் எவ்வளவு என்று அந்தச் சனிக்கிழமைதான் பார்த்தேன். மூன்று ஜிபிகூட இல்லை.

“குப்பைத் தொட்டி இவ இல்ல அத்தான்,” என்றேன். “சிஸ்டமே தொண்ணூத்தஞ்சு ஜிபியை முழுங்கியிருக்கு.”

“அப்படியா?” என்றார். அதோடு விட்டுவிட்டார்.

பையன் ஆறு மாதம் முன்னால் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். போகும்போது இ டிரைவைத் துடைத்துப் பூட்டையும் எடுத்துவிட்டான். நானூற்றுப் பதினைந்தும் காலி. அக்காவின் முகம் மலர்ந்தது.

“அப்ப அதுல இருந்து இருபது எடுத்து சி-ல போட்டுடு.”

“முடியாதுக்கா.”

ஒரு பழைய நோட்டைக் கிழித்து வரைந்து காட்டினேன். வரிசையாக மூன்று கட்டம். சி, அதற்கு அடுத்து டி, கடைசியில் இ. சி வளர வேண்டுமானால் அதை ஒட்டி அடுத்தாற்போல் காலி இடம் இருக்க வேண்டும். நடுவில் டி உட்கார்ந்திருக்கிறது. இயில் எவ்வளவு இருந்தாலும் டியைத் தாண்டிக் கொண்டுவர வழியில்லை.

“டியை அப்படியே அந்தப் பக்கம் நகர்த்தேன்,” என்றார் அத்தான், பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்கிறவரைப்போல.

“டி நிரம்பியிருக்கா?”

“நிரம்பித்தான் இருக்கு.”

“அப்ப இந்தப் பழைய டிஸ்க்ல ஏழெட்டு மணி நேரம் ஆகும். நடுவுல அந்தத் தீப்பெட்டி கொஞ்சம் நகர்ந்து கரண்ட் போச்சுன்னா மூணும் போயிடும். இன்னொரு வழி, டியில இருக்கறதை இக்கு மாத்திட்டு, டியை எடுத்துட்டு, அந்த இடத்தை சியோட சேர்க்கறது. அதுக்கும் மாத்தற நேரம் வேணும். மணி ரெண்டேகால்.”

“டியில கை வைக்காதே,” என்றார். குரலை உயர்த்தவில்லை. “அதுல முக்கியமானதெல்லாம் இருக்கு. வேற எதாவது பண்ணு. நீதான் படிச்சவளாச்சே.”

வேறு எதாவது பண்ணினேன். தற்காலிக ஃபைல்களைத் துடைத்தேன், பழைய அப்டேட் மிச்சங்களைத் துடைத்தேன், யாரும் பயன்படுத்தாத சாஃப்ட்வேர் ஏழெட்டைப் பிடுங்கி எறிந்தேன். அந்தக் கிழட்டு மெஷின் ஒவ்வொன்றுக்கும் முக்கி முனகியது. மூன்றேகாலுக்குச் சியில் ஒன்பது ஜிபி. இன்னும் பதினொன்று வேண்டும், இனிமேல் சுரண்ட ஒன்றும் இல்லை. அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். முழங்கால் வலிக்கு உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“அத்தான், இங்க பாருங்க. ஐஞ்சு மணிக்கு இது பச்சையாகலன்னா இவ ரிட்டயர் ஆகற வரைக்கும் ராத்திரி ஷிஃப்டுதான். உங்க டியில எவ்வளவு இருக்குன்னாவது சொல்லுங்க. பூட்டைத் திறந்துவிடுங்க. நான் ஒரு ஃபைலைத் திறக்கமாட்டேன், அளவு மட்டும் பாக்கறேன்.”

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு வாங்குவது அவளுக்கு எந்தக் காலத்திலும் வராது. அத்தான் பெருமூச்சு விட்டு, என்னை நகரச் சொல்லி, ஒரு கையால் மறைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டினார்.

பூட்டுப் படம் மறைந்து, டிக்குக் கீழே ஒரு நீளக் கட்டம் வந்தது. நிரம்பிய அளவுக்கு நீலம், மிச்சம் வெள்ளை. சிக்குக் கீழே இருந்த கட்டம் ஓரம் வரை சிவப்பாக இருந்தது. டியின் கட்டத்தில் இடது ஓரத்தில் நகம் அகலத்துக்கு நீலம், அவ்வளவுதான்.

பதினோரு ஜிபி.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குனிந்து திரையைத் தொட்டாள்.

“இந்த வெள்ளை எல்லாம் என்ன?”

“காலி இடம்.”

“எவ்வளவு?”

“நானூத்தி நாலு.”

“எப்பலேருந்து காலியா இருக்கு?”

இதற்கான பதிலை அத்தான் சொன்னார். “அதுல டிப்போ டைம்டேபிள் எல்லாம் இருக்கு. எட்டு வருஷத்தது. அப்புறம் பாட்டு. செஸ் கேம்.” சொல்லச் சொல்ல அவருக்கே சப்பென்று போயிற்று. “நெறைய இருக்கும்னுதான் நெனச்சேன்.”

“போன வருஷம் கேட்டேனே,” என்றாள் அக்கா.

அந்தப் போன வருடக் கதை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தோறும், அவள் இணையத்தில் ஒரு வாத்தியாரிடம் வகுப்பு கேட்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிவழிந்துகொண்டு கேட்பதால் பாதி மண்டையில் ஏறாது. அதனால் ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்து வைத்துக்கொண்டாள். மொத்தம் எண்பத்தாறு வகுப்பு, நாற்பது ஜிபிக்கு மேல். பரீட்சைக்கு முந்தின இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் மறுபடி கேட்பதாகத் திட்டம். அப்போது ஒரு பெரிய அப்டேட் வந்தது. சியில் இடம் இல்லை, அப்டேட் ஏறாமல் லேப்டாப் படுத்துவிட்டது. பையனின் இ டிரைவ் முழுக்க விளையாட்டு.

“டியில நாப்பது ஜிபி கிடைக்குமான்னு கேட்டேன்,” என்றாள். “ரெண்டு மாசத்துக்கு மட்டும்னு சொன்னேன். இடமில்லன்னீங்க.”

“சொன்னேன்.”

“பாத்தீங்களா?”

அத்தான் பொய் சொல்லத் தெரியாதவர். “இல்ல,” என்றார். “நீ கேட்டே, இல்லன்னு சொல்லிட்டேன். தொறந்து பாக்கணும்னு தோணல.”

அக்கா தலையை ஆட்டினாள். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நானும் கூடச் சேர்ந்து கத்தி, இந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவளோ என் பக்கம் திரும்பினாள்.

“அப்புறம் உனக்குப் போன் பண்ணேன்.”

ஆமாம், பண்ணினாள். அன்றைக்கு என் லேபில் பன்னிரண்டு மெஷின் படுத்திருந்தன, பையன்கள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சி நிரம்பிவிட்டது என்று அக்கா ஆரம்பித்தாள். நான் முழுதாகக் கேட்கவில்லை. ‘பழைய வீடியோ எதாவது இருந்தா அழிச்சுடுக்கா, மனசு வராது, கண்ணை மூடிக்கிட்டு அழிச்சுடு,’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என்ன வீடியோ என்று கேட்கவில்லை. மற்ற டிரைவில் எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்கவில்லை. என் லேபில் முதல் வருடப் பையன் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அவன் காதைத் திருகியிருப்பேன்.

“அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியுமா?” என்று கேட்டாள்.

“அன்னிக்கே கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அந்த இடத்து மேல அப்டேட் வந்து எழுதிடுச்சு. ஒரு வருஷமா எழுதிக்கிட்டே இருக்கு.”

“சரி,” என்றாள். “மணி என்ன?”

மூன்று நாற்பது. அதற்குப் பிறகு வேலை மட்டும்தான் பேசினோம். பதினோரு ஜிபி என்பதால் மாற்றுவது பெரிய காரியமில்லை. டைம்டேபிள், பாட்டு, செஸ் எல்லாவற்றையும் இக்கு நகல் எடுத்தேன். பழைய டிஸ்க் கறகறவென்று அரைத்தது. பதினெட்டு நிமிடம். ஃபைல் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றா என்று சரிபார்த்தேன். ஒன்றுதான். அத்தானிடம் கேட்டேன், “எடுத்துடவா?” அவர் கையை விரித்தார்.

டியை எடுக்கச் சொன்னதும் திரையில் எச்சரிக்கை வந்தது. இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரவா? என் கை மௌஸ்மேல் நின்றது. என்னதான் நகல் எடுத்திருந்தாலும் அந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு நொடி தயக்கம் வரும்.

“தள்ளு,” என்று அக்கா மௌஸை வாங்கினாள். “இதுல எனக்குத்தான் பழக்கம்.” ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

நடுக்கட்டம் கறுப்பாயிற்று. சியின்மேல் அழுத்தி நீட்டிக்கச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, சியின் கட்டம் ஐந்து மடங்கு நீண்டு போய் இயில் இடித்து நின்றது. நாலு இருபதுக்குச் சோதனையை ஓட்டினோம். கேமரா, மைக், இணையம், அட்டை, டிரைவ். ஐந்தும் பச்சை. ‘உங்கள் சீட்டு உறுதி செய்யப்பட்டது’ என்று வந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

“பாத்தியா,” என்றார் அத்தான், தொண்டையைச் செருமிக்கொண்டு. “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது.” கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மெதுவாக, “அப்ப என்னோடது இனிமே இயிலயா இருக்கும்?” என்று கேட்டார்.

“அது பையனோட டிரைவ்,” என்றாள் அக்கா. “அவனைக் கேட்டுட்டு வைங்க.”

ஞாயிறு முழுக்க அவள் நோட்டும் புத்தகமுமாக இருந்தாள். அத்தான் சமைத்தார், பாத்திரம் கழுவினார், காலிங் பெல்லின் வயரைக் கழற்றி வைத்தார், யாரும் சொல்லாமலே. நான் ஊருக்குத் திரும்பவில்லை. லேபுக்குப் போன் பண்ணி, திங்கள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். பரீட்சை நேரத்தில் அந்த அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. லேப்டாப்பை மேஜையோடு அங்கே மாற்றி, தீப்பெட்டியையும் டைரக்டரியையும் நானே வைத்து, வயரை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். அத்தானும் நானும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒருமுறை என்னைக் கிண்டல் பண்ண வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டார். நான் மனதுக்குள் வேண்டாத தெய்வம் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. மார்க் உடனே திரையில் வந்துவிடும் பரீட்சை அது. அக்கா நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

“ரெண்டு மார்க் கம்மி,” என்றாள்.

அத்தான்தான் கேட்டார், “கேள்வி கஷ்டமா?”

“கஷ்டமில்ல. எல்லாம் கேட்ட பாடம்தான். வாத்தியார் சொன்ன குரல்கூட ஞாபகம் வந்துது. என்ன சொன்னார்னுதான் வரல.”

நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது, அதைச் சொன்னேன். “என்னாலதான்க்கா. நான் கேட்டிருக்கணும்,” என்றேன். அவள் மறுக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து நான் எதை உடைத்தாலும், போகுது விடு என்று சொல்கிறவள் அவள்.

“சியில இப்ப எவ்வளவு காலியா இருக்கு?” என்று கேட்டாள்.

“நானூறுக்கு மேல.”

“நானூறு,” என்றாள். உள்ளறையில் மேஜைமேல் லேப்டாப் இன்னும் திறந்தபடியே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அதுல வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லையேடி.”

அத்தான் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அன்றைக்கு ராத்திரி ஷிஃப்டுக்குச் சீருடையை எடுத்துத் தேய்க்கப் போனாள்.